விரைவுப் புள்ளி

நான் ஒரு பிள்ளையை மெதுவானவள் என்று நம்ப வைத்தேன். அவள் மெதுவானவள் அல்ல என்று எனக்குத் தெரிந்த பிறகும் அந்த நம்பிக்கையைத் திருத்தாமல் விட்டேன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை என் சொந்த மகனுக்குக் கொடுத்தேன்.

அப்பாடா... எழுதிவிட்டேன்!

எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். ஒரு தேநீர் கலக்கிக் குடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்து அந்த வரிகளைப் படித்துப் பார்க்கிறேன். அழிக்கத் தோன்றவில்லை. வானம் இடிந்து விழவுமில்லை. எதிர்வீட்டுக்காரர் எப்போதும் போலக் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை ஆண்டுகள் பயந்து செத்தேன்?

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றால் என் பயிற்சிப் பட்டறை ஒன்றிலாவது நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். இலவசச் செயலிகளை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறவள் நான். "எதையும் வாங்க வேண்டாம்! எல்லாம் சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளத்தான் ஆளைக் காணோம்!" என்று தொடங்குவேன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் என்னை 'சும்மா டீச்சர்' என்று கூப்பிடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். போகட்டும், அதுவும் ஒரு பட்டம்தான்.

நீங்கள் ஆசிரியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உட்காருங்கள். இது எல்லாருக்கும் புரிகிற கதைதான்.

பட்டறையில் புதிர்ச் செயலி என்ற ஒன்றைக் காட்டுவேன். ஆசிரியர் கேள்விகளைத் தயாரித்து வைப்பார், மாணவர்கள் தத்தம் திறன்பேசியில் விடையைத் தொடுவார்கள். சரியான விடைக்குப் புள்ளி உண்டு. யார் சீக்கிரம் தொடுகிறார்களோ அவர்களுக்கு மேலும் புள்ளி... அதுதான் விரைவுப் புள்ளி. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் திரையில் பெயர்கள் ஏறும், இறங்கும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நன்றாகத்தான் இருக்கும்!

"முதல் வேலையா இந்த விரைவுப் புள்ளிய அணைச்சிருங்க" என்று சொல்வேன். அதை அணைக்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை எங்கே தேடுவது என்பதையும் சொல்லித் தருவேன்.

யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். "அத அணைச்சிட்டா பிள்ளைங்களுக்கு ஜாலியா இருக்காதே டீச்சர்?"

"அலமாக்! நாம பாடம் நடத்த வந்தோமா, குதிரைப் பந்தயம் ஓட்ட வந்தோமா?" என்பேன். மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்போடு அடுத்த செயலிக்குத் தாவிவிடுவேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் தப்பித்தேன்.

ஏன் அணைக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பெயர் இருந்தது. லோஷினி.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. நான் பண்டார் தெங்காராவுக்கு அருகில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடமெல்லாம் இயங்கலையில், இணையம் வழியாகத்தான். மற்ற ஆசிரியர்கள் திக்கித் திணறியபோது எனக்கோ திருவிழா! இலவசக் காணொளி, இலவசப் படவில்லை, இலவசப் புதிர்... புதிதாக எதைக் கண்டாலும் உடனே இறக்கிப் பார்த்துவிடுவேன். இலவசச் சந்திப்புச் செயலி பாடத்தின் பாதியில் துண்டித்துக்கொள்ளும். துண்டித்தால் என்ன? மறுபடி இணைப்பை அனுப்பு, மறுபடி எல்லாரையும் கூப்பிடு. எனக்கு அலுக்கவே இல்லை.

பாதி வீடுகளில் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரே ஒரு ஹென்போன்தான். அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். அதனால் புதிரை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றினேன். பெற்றோர்கள் என்னைத் தெய்வம் என்றார்கள். நானும் கொஞ்சம் நம்பித்தான் விட்டேன்!

என் மகன் திவேஷ் அதே வகுப்பில் இருந்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல, சொந்தப் பிள்ளையைச் சொந்தப் பள்ளியிலேயே சேர்ப்போம். அதில் ஒரு சங்கடம் உண்டு. அவன் முதலில் வந்தால் 'டீச்சர் மகன்தானே' என்பார்கள், கடைசியில் வந்தால் 'டீச்சர் மகனே இப்படியா' என்பார்கள். ஆகவே அவனுக்கு என் கையால் மதிப்பெண் போடவே எனக்குக் கூசும். புதிர்ச் செயலி வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. புள்ளி போடுவது நானல்லவே! செயலிக்கு யார் யாருடைய பிள்ளை என்று தெரியாதே!

இப்படித்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களும் தலையாட்டினார்கள்.

லோஷினியின் வீடு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. அங்கே லைன் கிடைக்காது. தோட்டத்து நுழைவாயிலில், சாலையை ஒட்டிய காவல் சாவடிக்கு வந்தால்தான் கிடைக்கும். தொழிற்சாலைப் பேருந்தில் அம்மா வந்து இறங்கியதும் அவர் கையிலிருந்து ஹென்போனை வாங்கிக்கொண்டு அந்தச் சாவடிப் பலகையிலேயே உட்கார்ந்துவிடுவாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அவளைத் தாண்டிப் போகிற சத்தம் என் புதிருக்குள் கேட்கும். "லோஷினி, மைக்க மூடுமா" என்று சொல்வேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள்.

கேள்வியோடு ஒரு படமும் வரும். மற்றவர்கள் விடையைத் தொட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டிருக்கும்போது அவள் திரையில் அந்தப் படம் இன்னும் திறந்துகொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டாமா? நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை! என் வீட்டில் லைன் பறக்கும். திரையில் பெயர்கள் ஏறி இறங்கும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோஷினியின் பெயர் எப்போதும் அடியில் கிடந்தது.

ஒருநாள் வகுப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் யாரோ ஓர் ஆமை ஸ்டிக்கரைப் போட்டு அவள் பெயரை எழுதினார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள். ஆமை, ஆமை, ஆமை... கண்ணாடி போட்ட ஆமை, தலையில் கட்டுப்போட்ட ஆமை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டேன். அதோடும் விடவில்லை. எல்லாரும் கேட்கும்படி ஒரு குரல் பதிவும் அனுப்பினேன். "லோஷினி, உனக்கு மூளை இருக்குமா, வேகம்தான் பத்தல. கொஞ்சம் ஃபாஸ்ட்டா இருக்கப் பழகு, சரியா?"

அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் இன்னும் கேவலம்!

அவள் ஒரு கட்டைவிரலைப் போட்டாள். 'சரி டீச்சர்' என்று எழுதினாள்.

மாநில அளவில் ஓர் அறிவியல் புதிர்ப்போட்டி வந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்த நேரம். ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் நேரடியாக நடத்தப் போகிறார்கள் என்றதும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பிள்ளைகள் அல்லவா! பள்ளிக்கு மூன்று பேர். இருவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மூன்றாவது இடத்துக்குத் தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

"யார டீச்சர் போடலாம்?"

"நான் சொல்லல சார், செயலி சொல்லட்டும். யாரு மேல இருக்காங்களோ அவங்கதான்."

மேலே இருந்தவன் திவேஷ். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, "நல்லதுதான், யாரும் வாயத் திறக்க முடியாது" என்றார்.

ஆனால் ஒருவர் திறந்தார். லோஷினியின் அம்மா. பெயர்களை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்திய நாள் மதியம் தொலைபேசியில் கூப்பிட்டார். தொழிற்சாலையில் ஓய்வு நேரம் போலும், பின்னால் தட்டுகளின் ஓசை கேட்டது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா எல்லாத்துக்கும் சரியாத்தான் அமுக்குறேங்குது. ஆனா கடைசியா வருது. ஏன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"லோஷினி அம்மா, அது கம்ப்யூட்டர் போடற மார்க்கு. என் கையில ஒண்ணும் இல்ல. பாப்பா கொஞ்சம் ஸ்லோ, அவ்வளவுதான். பழகப் பழக வந்துரும்."

"அப்படீங்களா... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். சரிங்க."

அவர் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். அவர் பணிந்து போனதுதான் எனக்கு உறுத்தியது. அந்த அம்மாவின் மனத்துக்குள் இருக்கும் சந்தேகம் தவறு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள நினைத்தேன். செயலியில் அதுவரை நான் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் இருந்தது. யார் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை சொன்னார்கள் என்று காட்டும் பக்கம். திறந்தேன்.

லோஷினியின் விடைகள் ஒன்றுவிடாமல் சரி. கிரகணத்துக்கும் சரி, உராய்வுக்கும் சரி, வகுப்பே தடுமாறிய கேள்விக்கும் சரி. திவேஷுக்கு அங்கங்கே தவறு. விரைவுப் புள்ளியை அணைத்துவிட்டுப் பார்த்தால் அவள்தான் வகுப்பில் முதல்!

அந்தப் பொத்தானையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது.

இப்போது கேளுங்கள். அதுவரை நான் செய்ததை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த மதியத்துக்குப் பிறகு? என் முன்னால் மடிக்கணினி திறந்திருந்தது. பெயரை மாற்ற எனக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கூடத்தில் திவேஷ் சீருடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துப் பட்டையை எப்படிக் கட்டுவது என்று அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "பஸ்ஸுல ஜன்னல் சீட் எனக்குத்தான்லா!" என்று நண்பனுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தான்.

நான் அந்தப் பக்கத்தை மூடினேன். மறுநாள் காலை திவேஷின் பெயரை அனுப்பினேன்.

ஏன்? மகன் மீது பாசமா? அது இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் என் வெட்கம்! இத்தனை மாதம் பெருமையாகக் காட்டிய செயலியை நானே சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? 'அவர்தான் இதில் கெட்டிக்காரர்' என்று தலைமையாசிரியர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாரே! என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரை அடியிலேயே விட்டுவைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் மறுபடி எழுந்து தேநீர் குடிக்கலாமா என்று பார்க்கிறேன்... வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.

புதிரைத் தயாரித்ததும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். படம் தெரிகிறதா, விடை சரியாகக் குறித்திருக்கிறேனா என்று பார்க்க வேறொரு கருவி வேண்டும், வேறோர் ஆள் வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? "டேய் திவேஷ், இங்க வா, இது ஓடுதான்னு ஒரு தடவ ஆடிப் பாரு!"

ஒவ்வொரு புதிரையும் அவன் முன்கூட்டியே ஆடியிருக்கிறான். வகுப்பில் அவன் விரல் பறந்ததற்கு அதுதான் காரணம். இது மோசடி என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சமைக்கிறவள் உப்புப் பார்க்கச் சொல்வதில்லையா, அப்படித்தான் கூப்பிட்டேன். இந்தத் தவற்றை ஆசிரியராகவும் அம்மாவாகவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவளால்தான் செய்ய முடியும்.

ஜொகூர் பாரு மண்டபத்தில்தான் எனக்கு அது விளங்கியது. மேடையில் மூன்று பிள்ளைகள், முன்னால் மணிப் பொத்தான். மற்ற இருவரும் மாறி மாறி அடித்தார்கள். திவேஷின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றது, இறங்கவே இல்லை. அந்த இருவர் புண்ணியத்தில் பள்ளிக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. நற்சான்றிதழ், கோப்பை, படம் எல்லாம் கிடைத்தன. திரும்பி வரும்போது அவன் பேருந்தில் ஏறாமல் என் காரில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூலாய் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கேள்வி எல்லாம் புதுசா இருந்துச்சுமா."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே, "போட்டின்னா அப்படித்தான்டா இருக்கும்" என்றேன்.

நற்சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். பிறகு எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. அந்தப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுங்கள், இந்த மாவட்டத்தில் பட்டறை நடத்துங்கள்... இலவசக் கணக்கில் பழைய முடிவுகள் நெடுநாள் நிற்காது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவை நீங்கிவிடும் என்று செயலி ஓர் அறிவிப்பு அனுப்பியது. இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொள்ளவில்லை. அது நீங்கிய நாளன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அண்மையில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் என்னை அழைத்தது. படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயது மாணவர்களுக்கு இலவசக் கற்றல் கருவிகள் பற்றி ஒரு பிற்பகல் பட்டறை. திவேஷ் படிக்கும் அதே பள்ளி. அவன்தான் எனக்குக் கம்பிகளை மாட்டிக் கொடுத்தான். புதிரைத் தொடங்கினேன். விரைவுப் புள்ளி அணைந்துதான் இருந்தது, அதில் நான் தவறுவதில்லை. எல்லாரும் பெயரைப் போட்டு நுழைந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் ஹென்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீ சேரலையாமா?"

"வேணாம் டீச்சர், நீங்க ஆடுங்க. நான் ஸ்லோ டீச்சர், எல்லாருக்கும் லேட்டாயிரும். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுற்றி இருந்தவர்களும் அதைப் பழகிப்போனதுபோல் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. வளர்ந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். லோஷினி!

அவளும் இதே பள்ளிதான் என்று திவேஷ் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று நான் பட்டறையை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

முடிந்ததும் நடைபாதையில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். என்ன பாடங்கள் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். கணக்கியல் என்றாள்.

"சயன்ஸ் எடுக்கலையா? உனக்கு அது பிடிக்குமே!"

"பிடிக்கும் டீச்சர். ஆனா அது ஃபாஸ்ட்டா இருக்கறவங்களுக்குத்தானே. மார்க்கு எல்லாம் கெடச்சிச்சு, நான்தான் வேணாம்னுட்டேன்."

"யாரு சொன்னா அப்படி?"

"நீங்கதான் டீச்சர்!" மறுபடி சிரித்தாள். "ஆனா நல்லதுதான் டீச்சர், அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்ல."

அவளிடம் கோபம் துளிகூட இல்லை. போட்டியைக் கூட அவள் மறந்துவிட்டிருந்தாள், "எந்தப் போட்டி டீச்சர்?" என்று கேட்டாள். நான் அவளிடமிருந்து பறித்தது ஒரு மேடை என்றுதான் இத்தனை ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையா? அதை அவள் எப்போதோ தொலைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதை நம்பித் தன் பாடத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறாள்!

அங்கேயே சொன்னேன். திட்டம் எதுவும் போடவில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. சாவடியில் லைன் மெதுவாக இருந்ததைச் சொன்னேன், விரைவுப் புள்ளியைச் சொன்னேன், அவள் விடைகள் அத்தனையும் சரியாக இருந்ததைச் சொன்னேன். அவள் அம்மா கூப்பிட்ட பிறகு அதை நான் பார்த்ததையும், பார்த்துவிட்டு மூடியதையும் சொன்னேன். "நீ ஸ்லோ இல்லமா. நீ என்னைக்குமே ஸ்லோ இல்ல. தப்பு என்னோடது."

மடிக்கணினிப் பையோடு திவேஷ் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். சோதனை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்... அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"நான் எல்லாக் கேள்வியையும் முன்னாடியே ஆடிருவேன் லோஷினி. வீட்ல. அதான் ஃபாஸ்ட்டா இருந்தேன். சோரிலா."

என் வாக்குமூலத்தின் கடைசி வரியை என் மகன் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அந்த அழுகையில் பாதிக்கு மேல் நிம்மதிதான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை! இனி எந்த மண்டபத்திலும் குதிரைப் பந்தயம் என்று சிரித்து மழுப்ப வேண்டியதில்லை!

லோஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது.

"எல்லாமே சரியா போட்டிருந்தேனா டீச்சர்?"

"எல்லாமே."

"காட்டுங்க டீச்சர்."

என்னால் காட்ட முடியவில்லை. நீங்கிப் போனதைச் சொன்னேன். இறக்கி வைத்துக்கொள்ள வழியிருந்தும் வைத்துக்கொள்ளாததையும் சொன்னேன்.

"அப்ப நீங்க சொல்றத நம்பிக்கணும்" என்றாள். பிறகு, "அப்பவும் நீங்க சொன்னதத்தான் டீச்சர் நம்பினேன்" என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பதுபோல் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பள்ளி நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன், பிரிவை மாற்ற முடியுமா பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பேருந்து வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். இரண்டடி வைத்தவள் திரும்பினாள்.

"அந்தக் கேள்விங்களாச்சும் இருக்கா டீச்சர்?"

இருந்தன. முடிவுகள்தான் நீங்கும், கேள்விகள் நிற்கும். இணைப்பை அனுப்புகிறேன் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் திவேஷ் கூடத்துச் சுவரிலிருந்து நற்சான்றிதழை இறக்கினான். நான் தடுக்கவில்லை. லோஷினியின் அம்மாவைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "சரிங்க டீச்சர்" என்றார். அன்று சொன்ன அதே 'சரிங்க'. ஆனால் இந்த முறை 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை.

சென்ற வாரப் பட்டறையில் யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள், "அத ஏன் டீச்சர் அணைக்கணும்?" நான் சிரிக்கவில்லை. உங்களிடம் சொன்ன இதே கதையை அவர்களிடம் சொன்னேன். முடிந்ததும் ஓர் இளம் ஆசிரியை அருகில் வந்து, "நானும் என் மகள வச்சுத்தான் டீச்சர் சோதிப்பேன்" என்றாள். "இனிமே உங்க வீட்டுக்காரர வச்சு சோதிங்க!" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு லேசாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் பொய் சொல்ல மாட்டேன். மனம் லேசாகத்தான் இருக்கிறது!

முழுக்க லேசாகிவிடவில்லை. நேற்று சாயங்காலம் செயலியைத் திறந்தபோது ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அந்தப் பழைய ஆறாம் ஆண்டுப் புதிரை யாரோ தனியாக ஆடியிருந்தார்கள். நான் அனுப்பிய இணைப்பில் விரைவுப் புள்ளி அணைந்திருந்தது. ஆடியவர் தன் பக்கத்தில் அந்தப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார். விடைகள் அத்தனையும் சரி. நேரம்? திவேஷ் கூட ஒருநாளும் அவ்வளவு விரைவாக ஆடியதில்லை.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. உடனே ஒன்று உறைத்தது. படிவம் நான்கில் இருக்கிறவளுக்கு ஆறாம் ஆண்டுக் கேள்விகள் எம்மாத்திரம்? இதில் எதை நிரூபிக்க முடியும்? அது அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் ஆடியிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். இதுவரை எதையும் அனுப்பவில்லை. பெயர் எழுதுகிற இடத்தில் அவள் 'லோஷினி' என்று எழுதியிருந்தால் அனுப்பியிருப்பேன். அங்கே எழுத்தே இல்லை, ஓர் ஆமைப் படம் மட்டும் இருந்தது. கேலிக்குப் போட்டாளா, என்னைக் குத்திக்காட்டப் போட்டாளா, இன்னமும் தன்னை அப்படித்தான் நினைக்கிறாளா... எனக்குத் தெரியவில்லை. ஆமையைப் பார்த்துத்தான் அன்று குழுவில் நான் சிரிக்கும் முகத்தைப் போட்டேன்.